வானமும் தரையும் இல்லாத படங்கள்

பயணம் போகிறவர் உயர்ந்த கட்டடம் ஒன்றின் முன் நின்றதும் செய்யும் செயல் ஒன்று உண்டு. கேமராவைக் கண்ணில் வைத்தபடி ஓரடி பின்வாங்குவார்; கட்டடம் சட்டத்துக்குள் அடங்காது. இன்னும் இரண்டடி பின்வாங்குவார், அப்போதும் அடங்காது. இறுதியில் கழுத்தை நிமிர்த்திக் கேமராவை வானை நோக்கிச் சாய்ப்பார். சுவர்க்கோடுகள் உச்சியை நோக்கி ஒடுங்க, கட்டடம் பின்புறமாகச் சாய்வதுபோல் படத்தில் பதியும். வீடு திரும்பியபின் அப்படத்தைக் காட்டி, "எவ்வளவு உயரம் பாருங்கள்!" என்பார். பார்ப்பவரும் வியப்பார். அங்கே குடியிருப்பவர் யார் என்ற வினா இருவருக்குமே எழுவதில்லை.

இவ்வினா எழாமற்போவது தற்செயலா? அல்லது உயர்ந்த கட்டடங்களைப் படமெடுக்கும் முறையிலேயே அதற்கான காரணம் ஒளிந்திருக்கிறதா? இதனை ஆராய்வதற்கு ஹாங்காங் நகரையும், அந்நகரின் அடுக்குமாடிகளை உலகின் கண்முன் நிறுத்திய மைக்கேல் வுல்ஃப் என்ற ஒளிப்படக் கலைஞரின் இரு படத்தொகுதிகளையும் எடுத்துக்கொள்கிறேன்.

வினா ஹாங்காங்கோடு பிறந்ததன்று. நியூயார்க்கில் ஃபிளாட்அயர்ன் கட்டடம் 1902-இல் எழுந்தது. அதனை ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த 1903-ஆம் ஆண்டுப் படம் ஒளிப்பட வரலாற்றில் நிலைத்துவிட்ட ஒன்று. பனி மூடிய பூங்கா; முன்னே கிளை பிரிந்து நிற்கும் ஒரு மரம்; அதற்கும் பின்னே சாம்பல் நிற மூட்டத்தில் கட்டடம். அதனுள் இருப்போரை நாம் காண்பதில்லை. எனினும் தரை இருக்கிறது. படமெடுத்தவர் எங்கே நின்றார், எத்தகைய குளிரில் நின்றார் என்பதை நாம் உணர்கிறோம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அதே நகரில் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பியபோது, லூயிஸ் ஹைன் வேறொரு வழியைத் தேர்ந்தார். ஐம்பது வயதைக் கடந்திருந்த அவர் தொழிலாளரோடு தளம் தளமாக மேலேறினார். பாரந்தூக்கியில் தொங்கிய பெட்டியில் நின்று வெட்டவெளியிலிருந்தும் படமெடுத்தார். அவர் படங்களில் உயரத்தை அளப்பது மனித உடல். இரும்புத்தூணைப் பற்றிய கை, கம்பிவடத்தில் சுற்றிய கால், அவற்றின் கீழே புள்ளியாகிவிட்ட நகரம் - இவற்றைக் காணும் நாம் உயரத்தை எண்ணால் அறிவதில்லை, அச்சத்தால் அறிகிறோம்.

ஆக, தொடக்கத்திலேயே இரு வழிகள் இருந்தன. தரையில் நின்று, தான் நிற்கும் இடத்தை மறைக்காமல் பார்ப்பது ஒன்று. மேலேறிச் சென்று, அங்கிருக்கும் மனிதனோடு பார்ப்பது மற்றொன்று. பின்னாளில் பெருகிய மூன்றாவது வழிக்குச் சிறந்த சான்று ஹாங்காங்கில் கிடைக்கிறது.

அந்நகரின் பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை எழுபது லட்சத்துக்கும் அதிகம். நிலத்தின் பெரும்பகுதி மலையும் காடுமாதலால், கட்டடங்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே. எனவே வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. இந்த வளர்ச்சிக்குப் பின்னால் ஒரு துயரமும் உண்டு. 1953-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் என்னுமிடத்தில், சீனாவிலிருந்து வந்த ஏதிலியர் வாழ்ந்த குடிசைகள் தீக்கிரையாயின. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் வீடிழந்தனர். அவர்களைக் குடியமர்த்த அரசு அதே இடத்தில் ஆறேழு மாடிக் கட்டடங்களை எழுப்பியது. பெரியவர் ஒருவருக்கு 24 சதுர அடி என்பது அன்றைய கணக்கு. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் பொது. அந்தத் தொடக்கமே நகரின் பொதுக் குடியிருப்புத் திட்டமாக விரிந்தது. இன்று ஹாங்காங் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அரசின் துணையால் கிடைத்த வீடுகளில் வாழ்கின்றனர். வானளாவும் அச்சுவர்களுக்கு அடியில் ஒரு சாம்பல்மேடு கிடக்கிறது என்பதைப் பயணி அறிந்திருப்பது நல்லது.

மைக்கேல் வுல்ஃப் 1954-இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1994-இல் ஹாங்காங்கில் குடியேறிப் பல ஆண்டுகள் ஜெர்மானிய வார இதழான 'ஸ்டெர்ன்' பத்திரிகைக்குப் படமெடுத்தார். 2003-இல் தொடங்கி அவர் உருவாக்கிய படத்தொகுதிக்கு 'செறிவின் கட்டடக்கலை' என்று பொருள்படும் தலைப்பை இட்டார். அதன் முறை எளிது, அதனாலேயே கடுமையானது. எதிரேயுள்ள கட்டடத்தை நேர்நிலையில் பார்த்து, படத்தின் மேற்புறத்தில் வானத்தையும் கீழ்ப்புறத்தில் தரையையும் அறவே வெட்டிவிடுவார். எஞ்சுவது சுவர் மட்டும். சாளரத்தின் மேல் சாளரம், அதன் மேல் சாளரம். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. முப்பது மாடியா, முந்நூறு மாடியா என்று சொல்ல முடியாத ஒரு முடிவின்மை.

இத்தொகுதியின் சிறப்பை முதலில் கூறிவிட வேண்டும். ஹாங்காங்கின் அஞ்சலட்டைப் படம் என்பது துறைமுகத்து நீருக்கு அப்பால் ஒளிவீசும் வங்கிக் கோபுரங்களின் வரிசை. வுல்ஃப் அந்த வரிசைக்கு முதுகைக் காட்டிவிட்டு, அக்கோபுரங்களைத் துடைப்பவரும் காவல் காப்பவரும் உறங்கச் செல்லும் கட்டடங்களின் பக்கம் திரும்பினார். அது துணிவான தேர்வு. அவர் படங்கள் கண்காட்சிகளில் ஆளுயரத்துக்கும் மேலான அளவில் வைக்கப்பட்டன. தொலைவில் நிற்பவருக்கு அவை நெசவுத்துணியின் கோலம்போல் தோன்றும். நெருங்கிச் சென்றால் கோலம் கலைந்து, மூங்கில் கழியில் உலரும் சட்டை, துருவேறிய குளிரூட்டிப் பெட்டி, சாளரத்தில் சாய்த்து வைத்த துடைப்பம் என்று வாழ்வின் தடயங்கள் ஒவ்வொன்றாய் வெளிப்படும். பார்வையாளரை இரண்டடி முன்னே நடக்க வைப்பதில்தான் அப்படங்களின் அறம் இருக்கிறது.

ஆனால் அந்த இரண்டடியை எத்தனை பேர் நடந்தனர்? புத்தகத்தில் அச்சாகும்போதும், கைப்பேசித் திரையில் உள்ளங்கை அளவாய்ச் சுருங்கும்போதும் சட்டை மறைகிறது, கோலமே எஞ்சுகிறது. செறிவு என்பது மக்களின் தொகையைக் குறிக்கும் சொல். ஒரு சதுர மைலுக்கு இத்தனை பேர் என்று நாம் கணக்கிடுகிறோம். அச்சொல்லைத் தலைப்பாகக் கொண்ட படங்களில் மனித முகத்தைக் காண்பது அரிது. பெருந்திரள் உண்டு, ஒருவர் இல்லை. வானத்தை வெட்டியதால் குடியிருப்பவருக்கு மூச்சுவிடும் இடம் இல்லை என்ற எண்ணம் நமக்கு வருகிறது. தரையை வெட்டியதாலோ, அவர் கட்டடத்தைவிட்டு இறங்கிக் கடைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், மாலையில் பூங்காவில் சதுரங்கம் ஆடவும் வழியே இல்லாமற் போகிறது. உண்மையில் அக்கட்டடங்களின் காலடியில் அங்காடியும் உணவகமும் பேருந்து நிலையமும் நெரிபட்டுக் கிடக்கின்றன. சட்டத்துக்கு வெளியே போனது வெறும் மண்ணன்று. மக்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் இடம்.

இக்குறையை வுல்ஃப் அறியாதவரல்லர் என்பதற்கு அவருடைய இரண்டாவது தொகுதியே சான்று. முன்னே கூறிய ஷெக் கிப் மெய்யின் பழைய கட்டடங்கள் இடிபடவிருந்த 2006-ஆம் ஆண்டில், அவர் அங்கே கதவு கதவாகச் சென்றார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 சதுர அடி கொண்ட அறைகள். அத்தகைய நூறு அறைகளை, அவற்றில் வாழ்ந்தவரோடு படமெடுத்தார். 'நூறு பெருக்கல் நூறு' என்பதே தலைப்பு. பத்தடிக்குப் பத்தடி அறையின் ஒரு மூலையிலிருந்து எடுக்கப்பட்ட படங்கள். கட்டில், அதன்மேல் பெட்டிகள், பெட்டிகளின்மேல் துணி மூட்டைகள், சோறு சமைக்கும் மின்பாத்திரம், நாட்காட்டி, தொலைக்காட்சி, இவற்றின் நடுவே ஒருவர். பெரும்பாலோர் முதியவர், கேமராவை நேராகப் பார்க்கின்றனர்.

முதல் தொகுதியில் ஒன்றுபோலவே தோன்றிய சாளரங்களுக்குப் பின்னே எதுவும் ஒன்றுபோல் இல்லை என்பதை இந்நூறு படங்களும் நமக்குக் கற்பிக்கின்றன. அறையின் அளவு ஒன்றே. வாழ்ந்த விதம் நூறு. ஒருவர் பொருள்களைக் கூரைவரை அடுக்கியிருக்கிறார். இன்னொருவர் ஏறத்தாழ எதையுமே வைத்துக்கொள்ளவில்லை. நெருக்கடியில் வாழ்வோரை நாம் இரக்கத்தோடு எண்ணிப் பழகியிருக்கிறோம். இப்படங்கள் இரக்கத்தைக் கோரவில்லை. இது என் வீடு என்று சொல்லும் ஒருவரின் முன் நம்மை நிறுத்துகின்றன. விருந்தினருக்குரிய அடக்கம் நமக்குத் தானே வந்துவிடுகிறது.

2009-இல் இவ்விரு தொகுதிகளையும் 'ஹாங்காங்: உள்ளும் புறமும்' என்று பொருள்படும் தலைப்பில், ஒரே உறையில் அடங்கிய இரு நூல்களாக வுல்ஃப் வெளியிட்டார். திறனாய்வாளர் கவனிக்க வேண்டிய செய்தி இதுவே. கலைஞர் அவற்றைப் பிரிக்கவில்லை. புறம் கேள்வியாகவும் அகம் விடையாகவும் சேர்த்தே வைத்தார். பிரித்தவர்கள் நாம். புறத்தின் படங்கள் உலகமெங்கும் பரவின. அகத்தின் படங்கள் அந்த அளவுக்குப் பரவவில்லை. காரணம் எளிது. புறத்தைப் பார்ப்பவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அகத்தைப் பார்க்கும்போது எதிரே ஒருவர் நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்.

பயணிகள் பின்பற்றியதும் புறத்தையே. குவாரி பே பகுதியில் 1960-களில் எழுந்த ஐந்து இணைகட்டடங்கள் ஒரு முற்றத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. அவற்றுக்குப் பயணிகள் இட்ட பெயர் 'அரக்கக் கட்டடம்'. அங்கே வாழ்பவர் தம் வீட்டை அரக்கன் என்று அழைப்பாரா? 2014-இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் ஒன்றில் அம்முற்றம் இடம்பெற்ற பின்னர் கூட்டம் பெருகியது. படமெடுப்பதைத் தவிர்க்குமாறு குடியிருப்போர் அறிவிப்பு வைக்கும் நிலை வந்தது. வானவில் என்று பொருள்படும் சோய் ஹங் குடியிருப்பிலும் இதே கதைதான். அங்கே வண்டிகள் நிறுத்துமிடத்தின் மேற்கூரையிலுள்ள கூடைப்பந்துத் திடலில், விளையாட வரும் பிள்ளைகள் படமெடுப்போர் விலகும்வரை காத்திருக்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்திடலில் நானும் நின்றேன் என்பதை மறைப்பது நேர்மையாகாது. பந்தோடு நின்ற சிறுவர் இருவரைச் சட்டத்திலிருந்து விலக்குவதற்காக நான் இடப்பக்கம் மூன்றடி நகர்ந்தேன். சுவரின் நிறங்கள் தெளிவாக விழவேண்டும் என்ற ஒரே எண்ணம் அப்போது எனக்கிருந்தது.

அப்படியானால் பயணி நெருங்கிச் சென்று சாளரத்துக்குள் பார்க்க வேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். அதுவும் விடையன்று. வுல்ஃபின் வாழ்விலேயே இதற்கும் ஒரு பாடம் உண்டு. பிற்பாடு அவர் சிகாகோ நகரின் கண்ணாடிக் கோபுரங்களை எதிர்க்கட்டடங்களிலிருந்து படமெடுத்தார். அவற்றில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஒரு சாளரத்தில் நின்ற மனிதர் தம்மை நோக்கி இழிசைகை காட்டுவதைக் கண்டார். அதன்பின் ஏனைய படங்களையும் பெரிதாக்கி, உள்ளே இருந்தவர்களின் தனித்த கணங்களைத் தேடியெடுத்துக் காட்சிக்கு வைத்தார். அத்தேடலில் கூர்மை உண்டு. ஆயினும் ஷெக் கிப் மெய்யின் மாண்பு அதில் இல்லை என்பதே என் கருத்து. இரண்டிலும் மனிதர் உண்டு. இரண்டிலும் வீட்டின் உட்புறம் உண்டு. வேறுபாடு கதவில் இருக்கிறது. ஷெக் கிப் மெய்யில் அது தட்டப்பட்டது, சிகாகோவில் தட்டப்படவில்லை. நெருக்கம் தன்னளவில் நற்பண்பாகிவிடாது. அனுமதியே அதனை நற்பண்பாக்குகிறது.

புறத்தை மட்டும் பார்ப்பதால் பெரிய தீங்கு என்ன என்று கேட்பாரும் உண்டு. ஹாங்காங்கின் அண்மை வரலாறு இதற்குக் கடுமையான விடை தருகிறது. வுல்ஃப் தம் தொகுதியைத் தொடங்கிய அதே 2003-இல், சார்ஸ் நோய் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. குளியலறைத் தரையின் வடிகாலில், கீழிருந்து காற்று மேலேறாதபடி நீர் தேங்கி நிற்க வேண்டிய வளைவு வறண்டுபோனதும், கழிவுக்குழாய் வழியாகவே கிருமி வீடு வீடாக ஏறியதும் பின்னர் தெரியவந்தன. படங்களில் அழகிய நெடுங்கோடுகளாய்த் தெரியும் குழாய்கள் உள்ளிருப்போருக்கு உயிர்ப் பிரச்சினை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹாங்காங்கில் கட்டடத்தைப் பழுதுபார்க்கும்போது மூங்கில் சாரம் கட்டி, அதன்மேல் பச்சை, மஞ்சள், நீலம் என ஏதேனும் ஒரு நிறத்தில் வலை போர்த்துவது நெடுங்கால வழக்கம். அவ்வாறு முழுதும் போர்த்தப்பட்ட கட்டடங்களை அமெரிக்கக் கலைஞர் பீட்டர் ஸ்டெய்ன்ஹவர் ஆண்டுக்கணக்கில் படமெடுத்துத் தொகுத்தார். பட்டுப்புழுவின் கூடுகளைக் குறிக்கும் சொல்லே அத்தொகுதிக்குப் பெயர். அழகிய படங்கள். நகரத்தின் நடுவே யாரோ பரிசுப்பொருளைச் சுற்றி வைத்ததுபோன்ற தோற்றம். அவற்றை வியந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

2025 நவம்பர் 26 அன்று, தாய் போ பகுதியிலுள்ள வாங் ஃபுக் கோர்ட் குடியிருப்பில், அவ்வாறே சாரமும் வலையும் போர்த்தியிருந்த கட்டடங்களில் தீப்பற்றியது. முப்பது மாடிகளுக்கும் மேல் உயர்ந்த எட்டுக் கட்டடங்களில் ஏழு எரிந்தன. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களுள் முதியோர் பலர்; இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் வீட்டுவேலைக்கு வந்திருந்த பெண்களும் உண்டு. சாளரங்களை மூடியிருந்த தெர்மோகோல் போன்ற நுரைப்பலகைகளும், தரமற்ற வலையும் தீ விரைந்து பரவத் துணைபோயின என்று அதிகாரிகள் தெரிவித்தனர்.

அத்தீக்கு எந்த ஒளிப்படக் கலைஞரும் பொறுப்பல்லர். ஓர் அழகிய படத்தைப் பிற்காலத் துயரத்தின் கூண்டிலேற்றுவது திறனாய்வின் வேலையுமன்று. ஆயினும் அந்த நாளுக்குப் பின் அப்படங்களை எடுத்துப் பார்த்தேன். முன்பு தோன்றாத ஒன்று இப்போது தோன்றியது. வலைக்குள்ளே மாதக்கணக்காக வெளிச்சமும் காற்றும் குறைந்த அறைகளில் மக்கள் சமைத்துக்கொண்டும் படித்துக்கொண்டும் நோயில் படுத்துக்கொண்டும் இருந்திருப்பார்கள் அல்லவா! கூடு என்றதும் உள்ளே ஓர் உயிர் இருப்பது நினைவுக்கு வரவேண்டும். எனக்கு வரவில்லை. சொல்லின் பிழையன்று, பார்த்தவனின் பிழை.

வுல்ஃப் 2019 ஏப்ரலில், ஹாங்காங்கைச் சேர்ந்த சியுங் சாவ் தீவில் மறைந்தார். அவர் படமெடுத்த ஷெக் கிப் மெய்யின் பழைய கட்டடங்கள் இன்று இல்லை. ஒன்றே ஒன்று, மெய் ஹோ இல்லம், பாதுகாக்கப்பட்டு 2013 முதல் பயணியர் விடுதியாகவும் அருங்காட்சியகமாகவும் இயங்குகிறது. ஹாங்காங் செல்லும் வாசகர் அங்கே ஓரிரவு தங்கலாம். கேமராவை வெளியே எடுக்குமுன், அறையின் நீள அகலத்தைக் காலடியால் அளந்து பார்க்கலாம். பத்து அடி எத்தனை சிறியது என்பதைக் கால் கற்றபின், கண் வேறுவிதமாகப் பார்க்கும் என்று நம்புகிறேன்.

உயர்ந்த கட்டடங்களைப் படமெடுக்க வேண்டாம் என்பதன்று என் முடிவு. எடுக்கும்போது தரையைச் சற்றே சட்டத்துக்குள் விடுவோம். வாயிலில் நிற்கும் காவலரையும், பந்தோடு காத்திருக்கும் பிள்ளையையும் அவர்கள் விரும்பினால் சேர்த்துக்கொள்வோம். விரும்பாவிட்டால் கேமராவைத் தாழ்த்துவோம். படத்தின் பின்புறம் கட்டடத்தின் உயரத்தை எழுதுவதற்குமுன் அக்குடியிருப்பின் பெயரை எழுதுவோம்.

சோய் ஹங்கில் நான் எடுத்த படம் மேசைமேல் இருக்கிறது. அக்குடியிருப்பைக் கட்டம் கட்டமாக இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டுவிட்டது. நிறங்கள் நன்றாகவே விழுந்திருக்கின்றன. வலப்புற ஓரத்தில், நான் முழுதும் விலக்கியதாக எண்ணியிருந்த சிறுவரில் ஒருவனின் முழங்கையும் பாதிப் பந்தும் தெரிகின்றன. படத்தில் மனிதர் என்று சொல்வதற்கு அவ்வளவே உண்டு. அந்த முழங்கைக்காகவே அப்படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.